பழைய கம்ப்யூட்டருக்கு ப்ராசசர் மாற்றலாமா? அறிகுறியை வைத்து முடிவெடுக்கும் வழி

கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தவுடன் பலருக்கும் முதலில் தோன்றுவது ப்ராசசரை மாற்றிவிடலாம் என்பதுதான். ஐ3-ஐ எடுத்துவிட்டு ஐ7 போட்டால் பறக்கும் என்று சொல்ல ஆளும் இருப்பார்கள். ஆனால் எட்டு, பத்து வருடம் ஓடிய மெஷின்களைத் திறந்து பார்த்தால், உண்மையான தடை பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும். சாகும் தறுவாயில் ஒரு ஹார்டுடிஸ்க், ஒரே ஒரு 4 ஜிபி ரேம், தூசியில் மூச்சுத் திணறும் ஃபேன். குறைந்த செலவில் தீரும் கோளாறுக்கு, பிள்ளைகள் படிப்புக்காகவோ சின்னக் கடைக் கணக்குக்காகவோ சேர்த்து வைத்த பணம் வீணாகப் போகக் கூடாது. அதனால் ப்ராசசர் விலையை விசாரிக்கும் முன், உங்கள் மெஷின் காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

இது டெஸ்க்டாப்புக்கான வழிமுறை. கடந்த பத்து வருடங்களில் வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் ப்ராசசர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. ஆனால் கீழே உள்ள ரேம், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, ஹார்டுடிஸ்க்குக்கு மாற்றான டிஸ்க்), சூடு பற்றிய பகுதிகள் மடிக்கணினிக்கும் பொருந்தும்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ப்ராசசரின் முழுப் பெயர், அது இப்போது ஓடும் வேகம், ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் காலி, டிஸ்க் எஸ்எஸ்டியா ஹார்டுடிஸ்க்கா எல்லாம் தெரியும். போர்டின் மாடலை அறிய சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஐ5 ப்ராசசர்’ என்பது மட்டும் எதற்கும் உதவாது. 2011-இல் வந்த ஐ5-2400-உம் ஐ5தான், 2017-இல் வந்த ஐ5-8400-உம் ஐ5தான். முன்னது இரண்டாம் தலைமுறை, பின்னது எட்டாம் தலைமுறை. முன்னதில் நான்கு கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), பின்னதில் ஆறு. இரண்டுக்கும் சாக்கெட் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) வேறு, ரேம் வேறு.

அப்புறம், மெஷின் இழுக்கும் அந்த நேரத்திலேயே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது முதலில் உச்சத்தைத் தொடுகிறதோ அங்கேதான் அடைப்பு.

ஆன் ஆகவே பல நிமிடங்கள். எதைத் திறந்தாலும் வட்டம் சுற்றுகிறது

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, சிபியு 10, 20-இல் கிடக்கிறது என்றால் முடிவு சொல்லிவிடலாம்: ப்ராசசரைத் தொடாதீர்கள், எஸ்எஸ்டி போடுங்கள்.

காரணம் எளிது. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் ஹார்டுடிஸ்க்கில், தேவையான தகவல் தலைக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 4 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். தலை நகர்ந்து சரியான தடத்துக்குப் போகும் நேரம் தனி. இரண்டையும் கூட்டினால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய சின்னச் சின்ன ஃபைல்களை ஒரு நொடிக்கு நூறு முறைகூடப் படிக்க முடியாது. விண்டோஸ் ஆன் ஆகும்போதும் குரோம் திறக்கும்போதும் நடப்பது இந்தச் சிதறிய படிப்புதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதையே நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். ஐ7 போட்டாலும் அது ஹார்டுடிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

நம் ஊரில் இன்னும் ஏராளமாக ஓடும், இரண்டு, மூன்றாம் தலைமுறை இன்டெல்லுக்கான எச்61 போர்டுகளில் சாட்டா 2 போர்ட்தான் உண்டு. எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்று சிலர் தயங்குவார்கள். பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது மட்டும்தான் அந்த வித்தியாசம் தெரியும். அன்றாட வேலையில் தெரியாது, தாராளமாகப் போடலாம். எச்81 போர்டு என்றால் சாட்டா 3 போர்ட் இரண்டு இருக்கும், அதில் ஒன்றில் செருகுங்கள். ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய போர்டுகளுக்கு என்விஎம்இ (போர்டிலேயே நேரடியாகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்காதீர்கள், பெரும்பாலானவை அதிலிருந்து பூட் ஆகாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான் சரி.

பழைய டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று காட்டினால் வேறு எந்த வேலையும் செய்யாமல் முதலில் குடும்பப் படங்களையும் கணக்கு ஃபைல்களையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அந்த டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

நாலு டேப் திறந்தாலே ஹேங்

மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டுகிறது, உடனே டிஸ்க்கும் எகிறுகிறது என்றால் ரேம் போதவில்லை. இடம் இல்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது, திரும்ப எடுக்கிறது, அதுதான் அந்த ஹேங். 4 ஜிபியில் இன்றைய பிரவுசரை ஓட்டுவது சிரமம். 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலை நடக்கும், படம், வீடியோ எடிட்டிங் என்றால் 16.

இருக்கும் ரேமுக்கு ஜோடியாக இன்னொன்றைப் போடுங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருந்தால் இரண்டு வழியாகவும் தகவல் போகும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில், முக்கியமாக ரைசன் 2200ஜி, 3200ஜி போன்றவற்றில், இந்த ஒரு மாற்றமே கேம்களின் ஓட்டத்தை நன்றாகக் கூட்டிவிடும். டிடிஆர்3 ரேம் பழைய மெஷின்களிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாம். ஆனால் போட்டதும் மெம்டெஸ்ட்86 ஓட்டி, ஒரு பிழைகூட வராமல் முழுச் சுற்று முடிகிறதா என்று பாருங்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் இழுக்கிறது

இது சூடு. பழைய மெஷின்களில் அதிகம் கவனிக்கப்படாமல் போவதும், அதிகச் செலவில்லாமல் சரியாவதும் இதுதான்.

இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். 3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது பாதி வேகத்தில் ஓடும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் ‘ப்ராசசர் பழசாகிவிட்டது’ என்ற தோற்றம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்து, சிபியு-இசட்டில் உள்ள ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை ஒரு கால்மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பநிலை எங்கே போய் நிற்கிறது, ‘தெர்மல் த்ராட்லிங்’ என்ற வரியில் ‘எஸ்’ என்று வருகிறதா என்று பாருங்கள். அறை வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அதே அளவு ப்ராசசரின் வெப்பமும் கூடும். டிசம்பரில் 80 காட்டிய மெஷின் கத்திரி வெயிலில் 90-ஐத் தொடுவது அதனால்தான். முழுப் பளுவில் 85-க்குள் நின்றால் கவலை இல்லை.

தாண்டினால் கேபினட்டைத் திறங்கள். ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) நடுவில் கம்பளி மாதிரி தூசி படர்ந்திருக்கும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுற்ற விட்டால் பேரிங் கெடும். பிறகு ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்து கட்டியான பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் வைத்து மாட்டுங்கள். இன்டெல் ஸ்டாக் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களும் போர்டின் அடிப்பக்கம் முழுதாக வந்து விரிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் சரியாக உட்காராமல் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கும். புது பேஸ்ட் போட்டும் சூடு குறையவில்லை என்றால் அந்த மூலையைத்தான் முதலில் பாருங்கள்.

சூடே இல்லை, ஆனாலும் வேகம் எப்போதும் குறைவாகவே நிற்கிறதா? பவர் ஆப்ஷன்ஸில் ‘பவர் சேவர்’ தேர்வாகியிருக்கலாம். ‘மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்’ 99-இல் இருந்தாலே டர்போ வேகம் கிடைக்காது, 100 ஆக்குங்கள். சில மடிக்கணினிகள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடும், அங்கே மாற்ற வேண்டியது சார்ஜரை.

திடீரென்று ஆஃப் ஆகிறது, தானே ரீஸ்டார்ட் ஆகிறது, நீலத்திரை வருகிறது

இந்த அறிகுறிக்கு ப்ராசசர் காரணமாக இருப்பது மிக அரிது. விண்டோஸின் பதிவேடான ஈவண்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், சரியாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

பளு கூடும்போது மட்டும் ஆஃப் ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) சந்தேகியுங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ், மேலே 450 வாட் என்று ஒட்டியிருந்தாலும், வருடங்கள் ஓடியபின் அதில் பாதியைத் தாங்குவதே பெரிது. 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கினால் அது தகுதி இழந்துவிட்டது. வேறு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. நீலத்திரை என்றால் ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். போர்டில் ப்ராசசரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அந்த போர்டுக்கு இனி ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

இதைச் சரிசெய்யாமல் பெரிய ப்ராசசரைப் போட்டால் மின்தேவை கூடி நிலைமை இன்னும் மோசமாகும்.

யூடியூப் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது

இணையம் சரியாக இருந்து, வீடியோ ஓடும்போது சிபியு 80, 90-க்குப் போனால் காரணம் வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 என்ற முறைகளில் வீடியோவைத் தருகிறது. விபி9-ஐ விரிக்கும் தனிச் சுற்று இன்டெல்லில் முழுமையாக வந்தது ஏழாம் தலைமுறையில், ஏவி1-க்கு வந்தது 11-ஆம் தலைமுறையில். அதற்கு முந்தையவற்றில் அந்த வேலை பெரும்பாலும் கோர்களின் தலையில் விழுகிறது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. எச்264இஃபை என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் பழைய எச்.264 முறையிலேயே வீடியோவைக் கேட்டு வாங்கும். இரண்டாம் தலைமுறை ஐ3-கூட அதைச் சிரமமில்லாமல் விரிக்கும். 1080பி-க்கு மேல் கிடைக்காது, அவ்வளவுதான். இதற்காக மலிவான கிராஃபிக்ஸ் கார்டு வாங்க நினைத்தால் ஜிடி 710 வேண்டாம், அதில் விபி9 விரிக்கும் வசதி இல்லை. ஜிடி 1030-இல் இருக்கிறது.

கேம் நடுநடுவே தடுக்குகிறது

கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 95-க்கு மேலேயே நின்றால் கார்டுதான் எல்லையில் இருக்கிறது. ப்ராசசர் மாற்றிப் பயனில்லை. அது 50, 60-இல் அல்லாடுகிறது என்றால் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஃப்ரேம் எண்ணிக்கை கூடவில்லையானால் தடை ப்ராசசர்தான். இரண்டு கோர் உள்ள பழைய ஐ3-களில் இது நிச்சயம் நடக்கும். நான்கு கோர், நான்கு த்ரெட் (கோர்கள் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை) உள்ள பழைய ஐ5-களில் சராசரி நன்றாக இருந்து அவ்வப்போது மட்டும் நொண்டும்.

கேம் திறக்கவே மறுத்தால் அது வேறு விஷயம். இரண்டு, மூன்றாம் தலைமுறை இன்டெல்லில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை. அவை வேண்டும் என்று எழுதப்பட்ட கேம் அதே சாக்கெட்டில் எந்த ப்ராசசர் போட்டாலும் ஓடாது. வாலொரன்ட் என்ற கேம் விண்டோஸ் 11-இல் டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும். அதை முதலில் பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பாருங்கள்.

சிபியுவே 100 சதவீதத்தில் நிற்கிறது

இங்கும் அவசரப்பட வேண்டாம். எந்த ப்ராசஸ் சாப்பிடுகிறது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டோ ஆன்டிமால்வேர் ஸ்கேனோ என்றால் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், அடங்கிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் பயன்பாடு சட்டென்று விழுந்து, மூடியதும் ஃபேன் மறுபடி இரைகிறது என்றால் திருட்டு மென்பொருளோடு வந்த கிரிப்டோ மைனர் (உங்கள் மெஷினை வைத்து வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் நிரல்) ஒளிந்திருக்கலாம். முக்கிய ஃபைல்களை எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே பாதுகாப்பு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. வேலை இழுக்கிறது, ஆனால் சிபியு 25-ஐத் தாண்டுவதே இல்லை. நான்கு கோர் மெஷினில் ஒரே ஒரு கோர் முழுவதுமாக நிறைந்தால் அப்படித்தான் காட்டும்: நான்கு கவுண்டர் இருந்தும் எல்லோரும் ஒரே கவுண்டரில் வரிசை நிற்பதைப் போல. கிராஃபில் ரைட் கிளிக் செய்து ‘லாஜிக்கல் ப்ராசசர்ஸ்’ காட்சிக்கு மாற்றினால் தெரிந்துவிடும். பழைய மென்பொருள்கள் பலவும் இப்படித்தான் ஒரே கோரை நம்பி ஓடுகின்றன. இப்படிப்பட்ட மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு அதே தலைமுறையில் ஐ5-இலிருந்து ஐ7-க்குப் போவதால் பெரிய பலன் இல்லை. கூடுவது த்ரெட், ஒரு கோரின் வேகம் கொஞ்சம்தான். புதிய தலைமுறைதான் உதவும். கடையில் கணக்கு மென்பொருள் இழுக்கிறது, டேட்டா வேறொரு மெஷினில் இருக்கிறது என்றால் லேன் வேகத்தையும் பாருங்கள். பழைய போர்டுகள் பல 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்பவை.

வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போது, வீடியோ அழைப்பில் திரையைப் பகிரும்போது, எல்லாக் கோர்களும் நிறைந்து, சூடும் கட்டுக்குள் இருந்து, எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் ஏற்கெனவே இருந்தால், சரி, இப்போது ப்ராசசரைப் பற்றிப் பேசலாம்.

விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையோ, பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0-உம் வேண்டும். ஏழாம் தலைமுறை வரையிலான போர்டில் எந்த ப்ராசசரை மாற்றினாலும் இந்தக் கதவு திறக்காது. ஆகவே விண்டோஸ் 11 ஒன்றுதான் உங்கள் நோக்கம் என்றால் பழைய சாக்கெட்டில் காசு போடாதீர்கள்.

பிரவுசர், கடிதம், படம் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு அதே மெஷினை நிம்மதியாக ஓட்டலாம். தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் அதிலேயே இருக்கிறது. கோர் 2 டுவோ காலத்து மெஷின்களுக்கு நான் சொல்லும் ஒரே வழியும் அதுதான்.

ப்ராசசர்தான் என்று உறுதியானால்: உங்கள் சாக்கெட் எது?

எல்ஜிஏ 1155, அதாவது இரண்டு, மூன்றாம் தலைமுறை, எச்61 போர்டு. ஐ3-2100 மாதிரி இரண்டு கோர் வைத்திருப்பவர்கள் ஐ5-3470-க்குப் போனால் கோர் இரட்டிப்பாகும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அலுவலகங்கள் கழித்த மெஷின்களிலிருந்து கழற்றிய இந்தச் சிப்கள் மலிவு. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்ப் பழைய கம்ப்யூட்டர் கடைகளிலும் விசாரிக்கலாம். ஐ7-3770-க்குக் கூடுதலாகக் கேட்கும் விலை பொதுவாக அதற்குத் தகுந்ததாக இருப்பதில்லை. மூன்றாம் தலைமுறைக்கு எச்61-இல் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். பிராண்டட் மெஷின்கள் சிலவற்றில் அந்த அப்டேட்டே வரவில்லை, அங்கே இரண்டாம் தலைமுறைக்குள்தான் தேட வேண்டும். ப்ராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் ஹீட்சிங்க் இல்லாத மலிவு போர்டில் 95 வாட் ஐ7-2600-ஐவிட 77 வாட் ஐ5-3470 பாதுகாப்பானது.

எல்ஜிஏ 1150, நான்காம் தலைமுறை. இங்கும் அதே கணக்கு: ஐ3-4130-இலிருந்து ஐ5-4590. ஏவிஎக்ஸ்2 இருப்பதால் இன்னும் சில வருடம் ஓடும்.

எல்ஜிஏ 1151-இல்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட் ஒன்றே. ஆனால் எச்110 போர்டில் ஐ5-8400-ஐ வைத்தால் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது. எச்110-இன் உச்சம் ஐ7-7700. ஒரு சாக்கெட்டின் உச்சச் சிப்புக்கு எப்போதும் கிராக்கி இருப்பதால் பழையதிலும் அதன் விலை இறங்குவதில்லை. நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்ட ஐ3-12100, அதே எண்ணிக்கை கொண்ட ஐ7-7700-ஐவிடத் தெளிவாக வேகமானது, விண்டோஸ் 11-உம் ஏறும். உங்கள் எச்110 போர்டில் இருப்பது டிடிஆர்4 ரேம் என்றால், டிடிஆர்4 ஏற்கும் எச்610 போர்டு ஒன்றைத் தேடி வாங்கி, அதே ரேம், எஸ்எஸ்டி, கேபினட் எல்லாவற்றையும் கொண்டு போகலாம். ரேம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் இது பெரிய மிச்சம். ஆகவே எச்110 வைத்திருப்பவர்கள் ஐ7-7700 வாங்கும் முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் ‘எஃப்’ என்று முடியும் சிப் வாங்கக் கூடாது. அதில் டிஸ்ப்ளே வராது.

எச்310, எட்டாம் தலைமுறை: ஐ3-8100-இலிருந்து ஐ5-9400 அல்லது ஐ7-8700. நல்ல விலைக்குக் கிடைத்தால் செய்யலாம். எச்410-இல் 11-ஆம் தலைமுறை ஓடாது, ஐ5-10400 போதும்.

ஏஎம்டியின் ரைசன் ப்ராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். 2017-இல் ரைசன் 3 1200-ஓடு வாங்கிய ஏ320 போர்டில்கூட, 2022-க்குப் பிறகு வந்த பயாஸை ஏற்றினால், ஆறு கோர், 12 த்ரெட் கொண்ட ரைசன் 5 5500 அல்லது 5600 ஓடும். இரண்டும் 65 வாட்தான். விண்டோஸ் 11-உம் ஏறும். குறைந்த செலவில் இவ்வளவு பெரிய பாய்ச்சல் வேறு எந்தப் பழைய சாக்கெட்டிலும் இல்லை. தனி கார்டு இல்லாமல் 2200ஜி வைத்திருந்தவர்கள் 5500 வாங்கக் கூடாது, அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. 5600ஜி வாங்குங்கள்.

எதிலும் நான் வைத்திருக்கும் எல்லை இது: பழைய சாக்கெட்டில் போடும் மொத்தச் செலவு, புதிய போர்டும் ப்ராசசரும் ரேமும் சேர்ந்த விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். போர்டும் செத்துப்போய், எச்61 போர்டையே புதிதாக வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அதைவிட, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட கழித்த அலுவலக டெஸ்க்டாப் ஒன்றை முழுதாக வாங்குங்கள். அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் கனெக்டர் தனி வகை என்பதால் போர்டை வேறு கேபினட்டுக்கு மாற்ற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாட்டும்போது

போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் ‘சிபியு சப்போர்ட் லிஸ்ட்’ இருக்கும். உங்கள் போர்டின் ரிவிஷன் எண்ணோடு பார்த்து, எந்த பயாஸ் வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸை ஏற்ற வேண்டும், அதுவும் யூபிஎஸ்ஸில் வைத்து. நடுவில் கரண்ட் போனால் போர்டு கல்லாகிவிடும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால் ரிகவரி கீயை முன்பே தாளில் எழுதிவையுங்கள். ஏஎம்4-இல் ப்ராசசர் மாறியதும் எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) பற்றிக் கேள்வி வரும், அந்த கீ இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது உங்களுக்கே பூட்டப்படும்.

ஏஎம்4 கூலரைக் கழற்றும்முன் மெஷினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து மின்வயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகியபடி எடுங்கள். நேராக இழுத்தால் பேஸ்ட்டோடு ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். இன்டெல்லில் பின்கள் போர்டில் இருக்கின்றன. சிப்பை மேலிருந்து நேராக இறக்குங்கள், உரசவே கூடாது. பழைய சிப் வாங்கும்போது அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள், கடையிலேயே ஒரு போர்டில் போட்டு டிஸ்ப்ளே வருவதைக் காட்டச் சொல்லுங்கள், குறைந்தது ஒரு வாரம் மாற்றித்தரும் உறுதி கேளுங்கள்.

மாட்டியபின் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை என்றால் பதற வேண்டாம். 12 வோல்ட் சிபியு கனெக்டர் செருகியிருக்கிறதா? ரேம் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள். சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்துவைத்து மறுபடி போட்டு, முதல் தடவை ஆன் செய்ததும் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள், சில போர்டுகள் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகும். அப்படியும் வராவிட்டால் பழைய ப்ராசசரைத் திரும்ப மாட்டுங்கள். அது ஓடினால் கோளாறு பயாஸிலோ வாங்கிய சிப்பிலோ. அதுவும் ஓடாவிட்டால் சாக்கெட்டின் பின்களைப் பாருங்கள். இந்தச் சோதனைக்காகவே, மாற்றித்தரும் கெடு முடியும்வரை பழைய ப்ராசசரை யாருக்கும் கொடுக்காமல் கையில் வைத்திருங்கள்.